கை மாறிய காப்பு

விஸ்வநத்தத்தில் வெடிச்சத்தத்துக்கு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சரம் விடாமல் வெடிக்கிறதா என்று பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் தினமும் நாலைந்து கொளுத்திப் பார்ப்பார்கள். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகூட அதற்கு அசையாது. ஆனால் அறுபத்திரண்டாம் வருசம் பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணி சுமாருக்குக் கேட்ட சத்தம் வேறு. அது காதில் கேட்கவில்லை, அடிவயிற்றில் கேட்டது. வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டிக்கூடு ஒட்டிக்கொண்டிருந்த குருவம்மாளுக்கு முன்னால் பசைத் தகரம் தானாகக் கவிழ்ந்தது. கையில் இருந்த கூட்டை ஒட்டி, விளிம்பை அழுத்தி, வரிசையில் வைத்துவிட்டுத்தான் அவள் எழுந்தாள். கை அதுபாட்டுக்கு வேலையைச் செய்திருக்கிறது. அந்த ஒரு கூட்டை ஒட்டி முடித்ததைச் சொல்லிச் சொல்லிப் பின்னால் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒட்டாமல் ஓடியிருந்தாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று யார் சொல்லி அவள் கேட்டாள்?

தெருவே கம்பெனியைப் பார்த்து ஓடியது. குருவம்மாளின் ஒரே மகள் மாரித்தாய் அங்கேதான் வெடிமருந்து கலக்கிற மருந்து ஷெட்டில் வேலை பார்த்தாள். பக்கத்து வீட்டு இருளம்மாளின் மகள் சின்னத்தாயும் அதே ஷெட்தான். இரண்டு பேருக்கும் பதினேழு வயசு. ஒரே உயரம், ஒரே ஒல்லி, ஒரே வாய். தலை பின்னிக்கொள்வதுகூட ஒருத்திக்கு ஒருத்திதான். இருளம்மாள் புருசனை இழந்தவள். குருவம்மாளுக்கு உறவு ஒன்றும் இல்லை, தெருமுறைக்கு மதினி. ஆனால் இந்த வீட்டுக் குழம்பு அந்த வீட்டுக்குப் போகாத நாள் கிடையாது.

ஷெட் இருந்த இடத்தில் ஷெட் இல்லை. நாலு மூலைக் கல் மட்டும் நின்றது. புகை அடங்கவில்லை. காலுக்குக் கீழே மண் சுட்டது. குருவம்மாள் மகள் பேரைக் கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் போர்மேன் சண்முகவேல் அவளைப் பார்த்துவிட்டு, கரி பிடித்த முகத்தோடு ஓடி வந்தார்.

"குருவம்மாக்கா, ஒம் மக இருக்கா! உசுரு இருக்கு! லாரியில ஏத்தி விருதுநகருக்கு அனுப்பிட்டோம். ஓடு, அடுத்த லாரியில ஏறு!"

"அவதானா? எம் மாரிதானா?"

"கையில காப்பு கெடந்துச்சுக்கா. நானே பாத்தேன். அவ ஒருத்திதான காப்புக் கட்டியிருந்தா?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மருந்து ஷெட்டுக்குள் இரும்பு, வெள்ளி, பித்தளை எதுவும் போகக் கூடாது. உரசினால் பொறி வரும். அதனால் கொலுசு, வளையல், தோடு எல்லாவற்றையும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, கிழிந்த சேலையைச் சுற்றிக்கொண்டு போவார்கள். ஒரு மணி நேரத்தில் சாம்பல் நிறப் பொடி தலையிலிருந்து கால் வரை அப்பிவிடும். பெற்றவளே வந்து பார்த்தாலும் யார் யாரென்று சட்டெனத் தெரியாது. அன்றைக்கு அந்த ஷெட்டில் இருந்தவர்கள் நாலு பேர். இரண்டு பேர் தூரத்தில் வீசப்பட்டு, முகம் தெரியச் செத்துக் கிடந்தார்கள். மற்ற இரண்டு பேரில் ஒருத்திக்கு உயிர் இருந்தது, ஒருத்திக்கு இல்லை. இரண்டு பேருக்குமே முகம் இல்லை.

அந்த நிலையில் மாரித்தாயை அடையாளம் காட்டியது அவள் கையில் கட்டியிருந்த காப்பு. போன வருசம் அப்பன் சங்கிலிமுத்து இருமி இருமி ரத்தம் கக்கியபோது, அப்பா எழுந்து நடந்தால் விருதுநகர் மாரியாத்தா பங்குனிப் பொங்கலுக்குத் தீச்சட்டி எடுக்கிறேன் என்று மாரித்தாய்தான் வேண்டிக்கொண்டாள். அவரும் எழுந்து நடந்தார். அதற்காக ஒரு வாரத்துக்கு முன்புதான் மஞ்சள் கிழங்கு முடிந்த கயிற்றைக் கையில் கட்டியிருந்தாள். காப்பு வெள்ளியும் இல்லை, பித்தளையும் இல்லை. அதைக் கழற்றச் சொல்ல எந்த போர்மேனுக்கும் தைரியம் வராது.

லாரியில் ஏறும்போது குருவம்மாள் திரும்பிப் பார்த்தாள். இருளம்மாள் அந்தக் கரிந்த உடம்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஈ உட்காராமல் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே குருவம்மாள் மனசுக்குள், 'ஆத்தா, எம்பிள்ளையைக் காப்பாத்திட்டே' என்று சொன்னாள். சொன்ன உடனே வெட்கமாக இருந்தது. இருந்தும் இன்னொரு தடவை சொன்னாள்.

விருதுநகரில் வியாபாரிகள் சேர்ந்து நடத்திய ஒரு தர்மாஸ்பத்திரி. அங்கே குருவம்மாள் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் கிடந்தது ஒரு வெள்ளைத் துணி மூட்டை. மூக்குக்கு ஒரு ஓட்டை, வாய்க்கு ஒரு ஓட்டை. குப்புற விழுந்ததில் இடது கை வயிற்றுக்கு அடியில் போய், தீயில் படாமல் தப்பியிருந்தது. ஆனால் கல்லில் நசுங்கி வீங்கிவிட்டதால் அதையும் கட்டைவைத்துக் கட்டியிருந்தார்கள். வீக்கத்தில் கயிறு இறுக்கியதென்று காப்பை அறுத்துக் காகிதத்தில் சுருட்டி வைத்திருந்தாள் நர்ஸ்.

"பேரு மாரித்தாய்னு எழுதியிருக்கு. நீங்க அம்மாவா?"

"ஆமா தாயி."

"தொண்டையெல்லாம் புகை. இப்போதைக்குப் பேச்சு வராது. பிழைச்சா உங்க தெய்வம் பெரிசு."

குருவம்மாள் அந்த அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டுத் தன் கையில் கட்டிக்கொண்டாள். கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள். "மாரியாத்தா, எம் மகளப் பொழைக்க வையி. அவளுக்குப் பதிலா நானே ஒனக்குச் சட்டி எடுக்கேன்."

அன்றைக்குச் சாயங்காலம் சின்னத்தாயைப் புதைத்தார்கள். ஆம்பளை இல்லாத வீடு. சங்கிலிமுத்துதான் முன்னால் தோள் கொடுத்தார், குழி வெட்டினார், முதல் மண்ணும் அவர்தான் அள்ளிப் போட்டார். மறுநாள் காலையில் கஞ்சித் தூக்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர், "எடையே இல்ல புள்ள, கோழிக்குஞ்சு மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கையைக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு நாள் இப்படியே போனது. தீப்புண்ணில் துணி ஒட்டக் கூடாதென்று குருத்து வாழையிலை போட்டுத்தான் படுக்க வைக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக இளநீர், சொட்டுச் சொட்டாக நீராகாரம். குருவம்மாள் உட்கார்ந்தபடியே தூங்கினாள். வார்டில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கையில் இருந்த காப்பைக் காட்டி, "எங்காத்தா குடுத்த பிச்சைம்மா. ஒரே ஷெட்டுல நாலு பேரு, எம்பிள்ளைய மட்டும் பொறுக்கி எடுத்துக் குடுத்திருக்கா" என்றாள். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாளோ, கணக்கில்லை. சந்தோசத்தில் இருக்கிறவளுக்கு வாய் ஓயாது, அதிலும் பயம் கலந்த சந்தோசத்துக்கு ஓயவே ஓயாது.

ஐந்தாம் நாள் காலையில் நர்ஸ் கால்கட்டை அவிழ்த்தாள்.

"கால்ல அதிகம் இல்லைம்மா. ஆறிடுச்சு பாருங்க. இனிமே காத்தாட விடலாம்."

குருவம்மாள் ஆசையோடு குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மாரித்தாய்க்கு இடது கால் சுண்டுவிரல் பிறந்ததிலிருந்தே பக்கத்து விரல் மேல் ஏறிக் கிடக்கும். சின்ன வயசில் எண்ணெய் போட்டு நீவி நீவிப் பார்த்தும் இறங்கவே இல்லை. செருப்பு வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் சிரித்ததற்கு மாரித்தாய் இரண்டு நாள் அழுதாள். இந்தக் காலில் விரல் ஐந்தும் வரிசையாக இருந்தன.

வலது காலோ என்று பார்த்தாள். அதிலும் வரிசைதான். தீயில் வெந்தால் விரல் இறங்குமோ என்று ஒரு நினைப்பு ஓடியது. நர்சிடம் கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. போர்வையை இழுத்துக் காலை மூடினாள்.

"மூடாதீங்க, காத்து படணும்" என்றாள் நர்ஸ்.

"குளுருது அவளுக்கு" என்றாள் குருவம்மாள். பங்குனி வெயில் ஜன்னலில் தகித்துக்கொண்டிருந்தது.

நாலு நாளாக எந்த வாயால் ஆத்தாவைப் புகழ்ந்தாளோ அந்த வாய் கசந்தது. அப்படியானால் மாரி? அந்த எடையில்லாத உடம்பு? நினைப்பு அந்த இடம் வரை போகும், சுட்டுக்கொண்ட மாதிரி திரும்பி வந்துவிடும். தெரிந்துவிட்டது, ஆனால் தெரியாத மாதிரி இருந்துவிட்டால் தெரியாமலே போய்விடும் என்று நம்பினாள். பைத்தியக்காரத்தனம்தான். யாராக இருந்தாலும் அன்றைக்கு அந்தப் பைத்தியக்காரத்தனத்தைத்தான் செய்திருப்பார்கள்.

மத்தியானம் கட்டுக்குள்ளிருந்து முதல் தடவையாக ஒரு சொல் வந்தது.

"தண்ணி."

குரல் கரகரவென்று கிடந்தது, யாருடையதென்று சொல்ல முடியாது. குருவம்மாள் பஞ்சை நனைத்துப் பிழிந்தாள். உதடு மறுபடியும் அசைந்ததும் பதறிப்போனாள்.

"பேசாத கண்ணு. பேசுனா தொண்டை கிழிஞ்சிரும்னு டாக்டர் சொல்லியிருக்காக. ஒரு வார்த்தை பேசப்படாது."

டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டது. அது அடங்கிப் போனதைப் பார்த்தபோதுதான் குருவம்மாளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. இருந்தும் அன்றைக்குச் சங்கிலிமுத்து வந்தபோது அவள் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் பத்து மணி பஸ்ஸில் இருளம்மாள் வந்தாள். புதைத்து ஐந்து நாள்தான் ஆகிறது. தலை வாரவில்லை, கண் குழிக்குள் போயிருந்தது. கையில் ஒரு கட்டு குருத்து வாழையிலை, கக்கத்தில் ஒரு பழைய நூல் சேலை.

"கெணத்துத் தோட்டத்துல கேட்டு வாங்கியாந்தேன் குருவு. இங்கன கடையில வாங்குற எலை முத்தலா இருக்கும், புண்ணுல குத்தும். இந்தச் சேலை சின்னத்தாயி உடுத்துனது. நைஞ்சு மெத்துனு இருக்கு. இலைக்கு அடியில விரிச்சா நம்ம மாரிக்கு நோவாது."

அவளே இலையைத் துடைத்தாள். நர்சும் அவளுமாகப் பிள்ளையைப் புரட்டி, அவளே சேலையை விரித்தாள், இலையைப் பரப்பினாள். பிறகு தரையில் உட்கார்ந்து கட்டுப்போட்ட தலைமேல் படாமல் விசிறினாள். அன்றைக்கு ஷெட் இருந்த இடத்தில் விசிறின அதே விசிறல். குருவம்மாள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"ஒண்ணு சொல்லட்டா குருவு? தெருவுல எல்லாரும் எங்கிட்ட வந்து, ஆத்தா கண்ணு அவிஞ்சு போச்சானு கேக்காக. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரல. எஞ் சின்னத்தாயி மூணு வயசுல அம்மை போட்டு, வேப்பிலையில கெடந்து, மூச்சில்லனு துணியப் போட்டு மூடிட்டாக. அப்ப ஆத்தாதான் திருப்பிக் குடுத்தா. அதுக்கப்புறம் பதினாலு வருசம் எங்கூட இருந்தா. எனக்குக் காச்சல்னா அவ கஞ்சி வப்பா, உப்பே போட மாட்டா, மறந்துருவா. அந்தக் கஞ்சி குடிச்சேன்ல? குடிக்கலேன்னு சொல்ல முடியுமா?"

குருவம்மாளுக்கு ஆத்திரம் வந்தது. உண்மையான ஆத்திரம். நேற்றிலிருந்து அவள் ஆத்தாவை ஒரு வசவு பாக்கியில்லாமல் வைதுகொண்டிருக்கிறாள். இவளானால் மகளைப் புதைத்துவிட்டு வந்து உப்பில்லாத கஞ்சிக்கு நன்றி சொல்கிறாள். இவளுக்குச் சித்தம் கலங்கிவிட்டதா?

"போதும் மதினி, நிறுத்துங்க."

"நிறுத்திட்டேன். எனக்கு ஒரே ஒரு குறைதான். ரெண்டு பேர்ல ஒருத்தியாவது பொழைச்சிருக்காள்ல, அதுக்கு நானே சட்டி எடுத்திருப்பேன் ஒனக்காவ. வீட்டுல சாவுத் தீட்டு, எடுக்க முடியாது. நீ எடு. நல்லா எடு. நான் எட்ட நின்னு கும்பிட்டுக்கிடுதேன்."

சொல்லிவிட்டு எழுந்தாள். பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பிள்ளையின் பாதத்தை லேசாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

வார்டு நீளமானது. பதினாறு கட்டில். இருளம்மாள் ஒவ்வொரு கட்டிலாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். குருவம்மாள் கட்டிலைப் பார்த்தாள், அவள் முதுகைப் பார்த்தாள். தான் வாயை மூடிக்கொண்டு இருந்தால், இன்னும் இரண்டு நாளோ மூன்று நாளோ, அந்தப் பிள்ளை பேசுகிறவரை, தனக்கு ஒரு மகள் இருப்பாள். இரண்டு நாள் பெரிசு. அதற்கு என்ன வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கப் போவது தான் இல்லையே, அந்தா போகிறவள் அல்லவா என்று தோன்றியதும் கால் ஓடியது. வாசல்படியில் போய் இருளம்மாளின் முந்தானையைப் பிடித்தாள்.

"மதினி. போகாதீக. அது எம் மக இல்ல."

"என்ன சொல்லுத?"

"காலப் பாத்தேன். நேத்தே பாத்துட்டேன். பாத்துட்டுச் சொல்லாம இருந்துட்டேன், என்னைய அடிங்க. மாரிக்கு ஏறுவெரல் மதினி. இவளுக்கு இல்ல."

இருளம்மாள் அவளை முறைத்துப் பார்த்தாள். "சும்மா இரு" என்றாள். தூக்கமில்லாமல் குருவம்மாளுக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தாள். சற்று முன்னால் இருளம்மாளைப் பற்றிக் குருவம்மாள் நினைத்தது போலவே. பிறகு, தன் கை இப்போதுதான் தொட்டுக் கண்ணில் ஒற்றிய அந்தப் பாதம் ஞாபகத்துக்கு வந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது குருவம்மாள்தான். குனிந்து, "பேசு கண்ணு. இனிமே பேசலாம்" என்றாள்.

பிறகு கட்டுக்குள்ளிருந்து, "எங்கம்மா வந்துச்சா அத்தே? கொரலு கேட்டுச்சு" என்று வந்தது.

இருளம்மாள் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. அப்படி ஒரு சத்தம் அவள் மகளைப் புதைத்த அன்றைக்குக்கூடப் போடவில்லை. போட்ட வேகத்திலேயே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குருவம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். செத்துப்போன மகள் திரும்பி வந்திருக்கிறாள், அதற்கு வாய்விட்டுச் சிரிக்கக்கூட முடியவில்லை.

மீதியைச் சின்னத்தாயே திக்கித் திக்கிச் சொன்னாள். அன்றைக்குக் காலையில் வேலைக்கு வந்த இடத்தில் மாரித்தாய்க்கு வீட்டுக்குத் தூரமாகிவிட்டது. காப்புக் கையோடு அப்படி இருக்கக் கூடாது. கழற்றி மண்ணில் வைக்கவும் கூடாது. "எனக்குத் தீட்டுடி, நீ கட்டிக்க, வேண்டுதலு விட்டுப் போயிரப்படாது" என்று அவள்தான் கழற்றிச் சின்னத்தாய் கையில் கட்டிவிட்டாள். கட்டி அரை மணி நேரம் இருக்கும்.

சாயங்காலம் சங்கிலிமுத்து கஞ்சித் தூக்கோடு வந்தார். அவரிடம் எப்படிச் சொன்னார்கள், யார் சொன்னார்கள் என்று அப்புறம் யாருக்கும் ஞாபகம் இல்லை. அவர் நின்ற இடத்திலேயே நின்று, தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தார்.

"நானுல்ல மண்ணு போட்டேன்" என்றார். "அடுத்த வீட்டுப் பிள்ளைனுல்ல போட்டேன்."

தூக்கைக் கீழே வைத்துவிட்டு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் வெயிலிலேயே உட்கார்ந்துகொண்டார்.

குருவம்மாள் கையில் கிடந்த காப்பைப் பிய்க்கப் போனாள். "இந்தக் கயிறுதான ஏமாத்துச்சு? அஞ்சு நாளா இதத் தூக்கித் தூக்கிக் காட்டி நன்றி சொன்னேனே, எங்க மாரி மண்ணுக்குள்ள கெடக்கையில சொன்னேனே! இவ தெய்வமா? இவளுக்கு நெருப்புச் சட்டி ஒரு கேடா?"

இருளம்மாள் தடுக்கவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. மகள் உயிரோடு கிடக்கிற கட்டிலின் பக்கத்தில் நின்றுகொண்டு என்ன சமாதானம் சொல்வாள்? குருவம்மாளே பிய்க்கிறதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"எம்பிள்ளைய எப்படி அனுப்புனீக மதினி? நான் பாக்கலியே. சொல்லுங்க."

இருளம்மாள் தரையில் உட்கார்ந்தாள். ஒன்றும் விடாமல் சொன்னாள். தண்ணீர் ஊற்றினால் தோல் வந்துவிடும் என்று மஞ்சள் தண்ணீர் தெளித்தது. தன் கலியாணக் கூறைச்சேலை பெட்டிக்குள் இருந்தது, அதைச் சுற்றியது. தலையில் வைக்க முடி இல்லாததால் பூவை நெஞ்சில் வைத்தது. மடியில் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் யாரையும் தொடவிடாமல் இருந்தது. தொண்டை கட்டுகிறவரை ஒப்பாரி வைத்தது. சங்கிலிமுத்து தோளில் தூக்கும்போது, "மெதுவாத் தூக்குங்க தம்பி" என்று சொன்னது.

"ஆனா குருவு, நான் சின்னத்தாயி சின்னத்தாயினுல்ல அழுதேன். அவ பேரச் சொல்லி ஒரு சொல்லு அழலியே. அந்தப் பிள்ளை என்னமா நெனைச்சிருக்கும்?"

குருவம்மாள் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"யாரு பேரச் சொன்னா என்ன மதினி?" என்றாள். "மடியில போட்டுத்தான அழுதீக? அழுக ஒரு தாயி இருந்திருக்கா. பெத்த அப்பன் தோளுலதான் போயிருக்கா. அநாதைப் பொணமாப் போகலியே எம்பிள்ளை."

சொன்னபோது அவளுக்கே திகைப்பாக இருந்தது. காலையில் உப்பில்லாத கஞ்சியைப் பற்றி இருளம்மாள் பேசியபோது அவளை அடிக்க வேண்டும்போல இருந்ததே, இப்போது தன் வாயிலிருந்தே அதே மாதிரிப் பேச்சு வருகிறது. துக்கம் ஒரு நூல் அளவுகூடக் குறையவில்லை. நெஞ்சு முழுக்க அதுதான் கனத்தது. அந்தக் கனத்துக்கு நடுவில் இதுவும் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல முடியவில்லை. அவ்வளவுதான்.

பங்குனிப் பொங்கல் வந்தது. அதற்குள் சின்னத்தாய்க்கு ஒரு கண் திறந்துவிட்டது, பால்சோறு இறங்கியது, பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சட்டி எடுக்கிற அன்றைக்குக் காலையில் குருவம்மாள் தன் கையிலிருந்த காப்பின் முடிச்சை நிதானமாக அவிழ்த்தாள்.

"கையக் காட்டுங்க மதினி."

"எதுக்கு?"

"எனக்குத் தீட்டு. நீங்க கட்டிக்கங்க. வேண்டுதலு விட்டுப் போயிரப்படாது."

இருளம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். "ஒனக்கு அவ என்ன செஞ்சானு சட்டி எடுக்கச் சொல்லுத? நீ எடுக்கலேன்னா யாரும் ஏனு கேக்க மாட்டாக குருவு."

"நான் கேட்டது எம் மகள. அவ குடுத்தது ஒங்க மகள. ஆனாலும் குடுத்திருக்கா. குடுத்தத இல்லேன்னு சொல்ல எனக்கு நாக்குத் திரும்பல. கையக் காட்டுங்க."

விரதம் இருக்காமல் சட்டி எடுக்கலாமா என்று பக்கத்துக் கட்டில்காரி ஒருத்தி கேட்டாள். மகளைப் புதைத்ததாக நினைத்து ஐந்து நாள் பச்சைத் தண்ணீரில் இருந்தவளிடம் போய் விரதத்தைப் பற்றிக் கேட்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்.

மத்தியானம் ஆஸ்பத்திரி இருந்த தெரு வழியாகத்தான் சட்டிகள் போயின. விருதுநகரே மஞ்சளாக இருந்தது. "ஆகோ, அய்யாகோ" என்று கோஷம் போட்டபடி கூட்டம் கூட்டமாகப் போனார்கள். கொட்டுச் சத்தத்தில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. குருவம்மாள் சங்கிலிமுத்தோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு உள்பக்கமாகவே நின்றாள். தீட்டுக்காரி, சட்டிக்கு எதிரே போகக் கூடாது.

இருளம்மாள் வந்தாள். மஞ்சள் சேலை, வேப்பிலை, இரண்டு கைக்கும் நடுவில் தீ. சட்டி எடுப்பவர்கள் எங்கும் நிற்க மாட்டார்கள், நின்றால் கை சுடும். அவள் ஆஸ்பத்திரி வாசலுக்கு நேரே வந்ததும் நின்றாள்.

பின்னால் வந்தவர்கள் சத்தம் போட்டார்கள். "நடம்மா! யாரு பேருக்குச் சட்டி? சொல்லிட்டு நட!"

குருவம்மாள் உள்ளே இருந்தபடியே கையைக் கூப்பினாள். அவளுடைய வேண்டுதல், அவள்தான் சொல்ல வேண்டும். "சின்னத்தாயி பேருக்கு!" என்றாள். "சின்னத்தாயி பொழைச்சதுக்கு!"

இருளம்மாள் கேட்டுக்கொண்டாள். தீ அவள் முகத்துக்கு நேரே எரிந்தது. புதைத்த அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பேரை அவள் அப்போதுதான் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மாரித்தாயி பேருக்கு! பதினேழு வருசம் எங்ககூட இருந்ததுக்கு!"

குருவம்மாள் அந்த வாசலிலேயே மண்ணில் உட்கார்ந்தாள். பதின்மூன்று நாளாக வராத அழுகை அப்போது வந்தது. மகள் பேரைச் சொல்லி, ஏறுவிரலைச் சொல்லி, ஒட்டி முடித்த கூட்டைச் சொல்லி, வாய்விட்டு ஒப்பாரி வைத்தாள். கொட்டுச் சத்தத்தில் பக்கத்தில் நின்ற சங்கிலிமுத்தைத் தவிர யாருக்கும் அது கேட்கவில்லை. சட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோயிலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன.